கேளாச் செவியும் அடங்கிய செவியும்

தொட்டுணர்வு ஒன்றே உடைய மரமும் செடியும் ஓரறிவுயிர். சுவையும் சேர்ந்த புழு ஈரறிவுயிர். மோப்பமும் கூடிய எறும்பு மூவறிவு. பார்வையும் கூடிய வண்டு நாலறிவு. செவி வாய்த்த பின்னரே ஓருயிர் ஐம்பொறி உயிர் எனப்படுகிறது. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் வைத்த வரிசை இது. தொல்காப்பியர் மரபியலில் ஆறாவதாக மனத்தைச் சேர்ப்பார். ஆயினும் முதல் ஐந்தின் வரிசை மாறுவதில்லை.

நம்மைச் சாவகர் என்கிறோம். சிராவகர் என்னும் அச்சொல்லுக்குக் கேட்பவர் என்பது பொருள். நூலறிவுக்கு ஆகமம் இட்ட பெயர் சுருத ஞானம். அதுவும் கேட்கப்பட்டது என்றே பொருள்படும். தரசேனாசாரியர் தம் நெஞ்சில் இருந்த ஆகமத்தைப் புஷ்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்க்கு ஓதுவித்து, அவர்கள் அதனை நூலாக்கிய நிகழ்ச்சியைச் சுருத பஞ்சமியாகக் கொண்டாடுகிறோம். அதுவரை அறம் முழுவதும் செவி வழியாகவே வந்தது. சமவசரணத்தில் விலங்குகளும் தத்தம் மொழியில் திவ்யத்வனியைக் கேட்டன என்பதும் நாம் அறிந்ததே.

இத்தகைய செவி பழுதுபட்டால் சாவகன் என் செய்வது? வினைப்பயன் என்று அமைவதா? ஒரு புலன் அடங்கிற்று என்று மகிழ்வதா? அன்றி, ஒரு கருவியை வாங்கிப் பொருத்திக்கொள்வதா? இவ்வினா சென்ற ஆண்டு நம் இல்லத்திலேயே எழுந்தது. அதற்கு விடை தேடும் வழியில், காதொலிக் கருவி பொருத்தும் ஓர் இளம்பெண்ணிடம் நாம் சில பாடங்கள் கேட்க நேர்ந்தது. அவற்றை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது தகும் என எண்ணி இதனை எழுதுகிறோம்.

நம் மூத்தார், அதாவது கணவரின் தமையனார், எண்பதைக் கடந்தவர். பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதியவர். மாலைதோறும் ஸ்ரீபுராணம் வாசித்துப் பொருள் சொல்வது அவர் வழக்கம். வீட்டுப் பிள்ளைகளும் அண்டை வீட்டார் சிலரும் சுற்றி அமர்ந்து கேட்பர், இடையிடையே வினவுவர். சில ஆண்டுகளாக அவர் வாசிப்பு நிற்கவில்லை, வினவுவது நின்றுவிட்டது. வினாவுக்கு வேறெதையோ விடையாகச் சொல்வார்; பிள்ளைகள் சிரிப்பர்; அவர் முகம் சுருங்கும். பிறகு ஒருவரும் வினவுவதில்லை. தமிழில் கேள்வி என்னும் ஒரே சொல் செவியால் ஏற்பதையும் வாயால் வினவுவதையும் குறிக்கிறது. ஒன்று போனபோது மற்றொன்றும் போயிற்று.

கருவி வாங்கலாம் என்றபோது அவர் சொன்ன விடை இது: "ஐந்தில் ஒன்று தானாக அடங்கிவிட்டது அம்மா. மீதி நான்கையும் அடக்கினால் போதும்."

கேட்பதற்கு இனிய விடைதான். நம் பெரியோர் பலர் இதே விடையைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆயின் இதில் ஒரு பிழை உண்டு. பல் இல்லாதவன் கரும்பு உண்ணாமை நோன்பாகாது. புலனடக்கம் என்பது பொறி இருந்தும், பொருள் எதிர்ப்பட்டும், அதில் விருப்பு வெறுப்புக் கொள்ளாமை. கேளாச் செவி விருப்பு வெறுப்பைக் குறைப்பதாக நம் அனுபவத்தில் காணவில்லை. கூடத்தில் இருவர் தாழ்ந்த குரலில் பேசினால் தம்மைப் பற்றித்தான் பேசுகின்றனர் என்று கேளாதவர் ஐயுறுகிறார். ஐயம் சினமாகிறது, சினம் நெஞ்சில் தங்குகிறது. இது கஷாயம் அன்றி வேறென்ன? மறுபுறம், அவரிடம் பேச வேண்டியவர் கத்துகிறார்; கத்தும் குரலில் அன்பான சொல்லும் அதட்டலாகிவிடுகிறது. மருமகள் ஒரு நாளைக்கு இருபது முறை கத்திவிட்டு, பிறகு பேசுவதையே விட்டுவிடுகிறாள். அடங்கியது ஒரு புலன், கிளர்ந்தவை எத்தனை!

வினைப்பயன் என்னும் வாதத்தையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் நிமித்தம் என்றும் நம் நூல்கள் பேசுகின்றன. நாடா ஓடும் விசைத்தறிகள் வரிசையாக இயங்கும் கூடத்தில் ஒலி 90 டெசிபலைத் தாண்டுவது இயல்பு. தொழிற்சாலை விதிகள் 90 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவர் இருக்கலாகாது என்கின்றன; 85 டெசிபலிலேயே கேடு தொடங்குகிறது என்பது மருத்துவ அறிஞர் கருத்து. குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோட்டுப் பகுதிகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு புதிதன்று. அங்குள்ள சிறு கூடங்கள் பல எந்த விதியின் கண்ணுக்கும் படுவதில்லை. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியிலும் உரத்துப் பேசுவதை இவ்வட்டாரத்தில் பணிபுரிந்த ஆசிரியர் யாவரும் அறிவர். இத்தனை கண்கூடான நிமித்தத்தை அப்படியே விட்டுவிட்டு, வினையின்மேல் பாரம் போடுவது சோம்பலுக்குச் சமயப் போர்வை போர்த்துவதாகும்.

இவ்வளவு வாதமும் மூத்தாரிடம் எடுபடவில்லை. உரத்துச் சொன்னோம் என்பதனாலேயே எடுபடாது போயிருக்கலாம். ஒருநாள் சீவகன் கதை வந்தது. உயிர் பிரியும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச மந்திரம் ஓத, அது சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்த பகுதியை அவரே வாசித்தார். ஒரு தாளில் எழுதி நீட்டினோம்: "அந்த நாய்க்குச் செவி கேட்டது." படித்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். மறுவாரம் சேலத்துக்குப் புறப்பட்டோம்.

காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவரின் மருத்துவமனையை ஒட்டிய சிறிய நிலையம் அது. அங்கிருந்த தொழில்நுட்பப் பெண் இராசிபுரம் பக்கத்து நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். இத்துறைக்கென்று பட்டயப் படிப்பு இருக்கிறது. 1965இல் தொடங்கப்பெற்ற மைசூர் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் போன்ற இடங்களில் கற்பிக்கின்றனர். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி இத்துறையினர் மையப் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். கருவி வாங்கச் செல்வோர் அப்பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. நாம் கேட்டோம், அவர் மகிழ்ந்தே காட்டினார்.

முதலில் அவர் செய்தது விற்பனைக்கு எதிரான செயல். சிறு விளக்கால் செவிக்குள் நோக்கியவர், "வலது காதுல குறும்பி கட்டியாகி அடைச்சிருக்குதுங்க. டாக்டர்கிட்ட எடுத்துட்டு வாங்க. அப்புறம் சோதிக்கலாம்" என்று திருப்பி அனுப்பினார். அன்றைக்கே கருவியைத் தலையில் கட்டியிருந்தால் தடுத்திருப்பார் யார்?

அடைப்பு நீங்கிய பின் ஒலிபுகா அறையில் சோதனை நடந்தது. 250 முதல் 8000 ஹெர்ட்சு வரை பல சுருதிகளில் ஒலி எழுப்பி, எது எவ்வளவு தணிந்த அளவில் கேட்கிறது என்று குறித்தனர். கோடு இடப்பக்கம் ஓரளவு சமமாகச் சென்று, பிறகு சேர்வராயன் மலையிலிருந்து சேலத்துச் சமவெளிக்கு இறங்குவது போலச் சரிந்தது. தாழ்ந்த சுருதிகள் கேட்கின்றன, உயர்ந்தவை கேட்பதில்லை. பேரொலியாலும் முதுமையாலும் வரும் கேட்புக் குறை பெரும்பாலும் இவ்வடிவினதே. நத்தை ஓடு போல் சுருண்ட உட்செவியில் ஏறக்குறைய 15,000 மயிரிழை அணுக்கள் உள்ளன; உயர் சுருதிக்குரியவை முதலில் அழிகின்றன; அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

இதன் பயன் என்ன என்பதை ஒரு தமிழாசிரியர் காதுக்கு விளங்கும்படி அவர் சொன்னார். உயிரெழுத்துகள் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில், வலிமையோடு ஒலிக்கின்றன. ககரம், சகரம், தகரம் போன்ற வல்லினங்களைப் பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகள் உயர் சுருதியில், மெலிவாக உள்ளன. ஆகவே முதியவர்க்கு உயிர் கேட்கிறது; மெய் கேட்பதில்லை. "சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை" என்று அவர்கள் சொல்வது பொய்யன்று. பத்து, பட்டு, பற்று மூன்றும் அவர்க்கு ஒன்றே. பத்து ரூபாய் கேட்ட பேரனுக்கு மூத்தார் பற்றறுத்தலைப் பற்றிச் சொற்பொழிவாற்றியதன் காரணம் அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

மெல்லிய ஒலி கேளாத இச்செவிக்கு உரத்த ஒலி வலிக்கவும் செய்யும் என்றார் அப்பெண். கேட்கத் தொடங்கும் அளவுக்கும் வலிக்கத் தொடங்கும் அளவுக்கும் இடையே உள்ள இடைவெளி குறுகிவிடுகிறது. நாம் கத்தியது அத்தனையும் அவரைத் துன்புறுத்தியிருக்கிறது. கருவி செய்வது மெலிந்த ஒலியை உயர்த்தி, உரத்த ஒலியைக் கட்டுப்படுத்தி, அக்குறுகிய இடைவெளிக்குள் அடக்குவது. அதற்கு அவரவர் சோதனைக் கோட்டின்படி கருவியைச் சீர்செய்ய வேண்டும். செவித்துளையின் உட்புறம் நூல் கட்டிய பஞ்சை வைத்துவிட்டு, மாவு போன்ற சிலிக்கோனைச் செலுத்தி, இறுகிய பின் எடுத்து, அவ்வச்சைக் கொண்டு செவிக்குரிய அடைப்பை வார்க்க வேண்டும். அடைப்புத் தளர்ந்திருந்தால் ஒலி கசிந்து, மீண்டும் ஒலிவாங்கியில் புகுந்து, கருவி கீச்சிடும். கருவி கெட்டுவிட்டது என்று கொண்டுவருவோரில் பலருக்குக் குறும்பி அடைத்த குழாயைத் துடைத்துக் கொடுத்தாலே போதுமாம்.

உடன் வந்த மூத்தாரின் மகன், வெளியே தெரியாமல் செவிக்குள் மறையும் சிறு கருவியே வேண்டும் என்றார். "கண்ணாடி போடுறதுக்கு யாரும் வெட்கப்படறதில்லீங்களே" என்றார் அப்பெண். நடுங்கும் விரலுக்குச் சிறிய பேட்டரியைத் திறந்து மாற்ற இயலாது. காதுக்குப் பின்னால் மாட்டுவதே இவருக்கு ஏற்றது. விலையும் குறைவு என்று விளக்கினார். பிறகு மூத்தாரின் நேர் எதிரே அமர்ந்து, தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "ஐயா, இது புதுக் காது இல்லீங்க, காதுக்கு ஒரு கைத்தடிங்க. சத்தம் நான் கொடுக்கலாம். சொல்லு, வீட்டுல இருக்கிறவங்க கொடுக்கணும்."

இச்சொல் நம்மைத் திரும்பத் தத்துவார்த்த சூத்திரத்திற்கே அழைத்துச் சென்றது. பொறி என்பதை அந்நூல் இரண்டாகப் பகுக்கிறது. புறத்தே உள்ள திரவியேந்திரியம், நிர்விருத்தி என்னும் உறுப்பின் அமைப்பும் உபகரணம் என்னும் அதன் துணையும் ஆகும். அகத்தே உள்ள பாவேந்திரியம், வினை தணிவதால் கிட்டும் ஆற்றலாகிய லப்தியும், அவ்வாற்றலைப் பொருளில் செலுத்தும் உபயோகமும் ஆகும். கண்ணுக்கு இமை உபகரணம். செவிக்கு மடல் உபகரணம். அப்பெண் கையாளுவது மற்றோர் உபகரணமே; அதற்குமேல் ஒன்றுமில்லை. (நரம்பைத்தான் லப்தி என்றனர் முன்னோர் என்று இக்காலத்தார் சிலர் எழுதுகின்றனர். அது பொருந்தாது. நரம்பும் உடம்பே, புத்கலமே.) உபகரணத்தைத் திருத்தலாம், உபயோகத்தை எக்கடையிலும் வாங்க முடியாது. கேட்பவர் மனம் வைக்க வேண்டும். சொல்பவர் முகம் காட்ட வேண்டும். தம் தொழில் முடியும் எல்லையைத் தொழில் செய்பவரே வாய்திறந்து சொல்வது அரிது. எல்லையை மறைத்தால் விற்பனை கூடும். சத்திய அணுவிரதம் என்பது பொய் சொல்லாமை மட்டுமே என்று எண்ணுவோர் இவ்விடத்தைக் கருதிப் பார்க்க வேண்டும்.

அசௌரிய விரதத்தின் அதிசாரங்களுள் குறைந்த அளவையால் கொடுத்து மிகுந்த அளவையால் கொள்ளுதலும், போலியை மெய்யெனத் தருதலும் சொல்லப்பட்டுள்ளன. மளிகைக் கடைத் தராசு மட்டுமே இதற்கு எடுத்துக்காட்டு என்று நாம் வகுப்பில் கற்பித்ததுண்டு. செவியைச் சோதிக்கும் கருவியும் ஓர் அளவையே. ஆண்டுக்கொருமுறை அதனைச் சரிபார்க்க வேண்டும். அந்நிலையத்தில் சரிபார்த்த சான்றினைச் சுவரில் ஒட்டியிருந்தனர். சரிபார்க்காத கருவி ஐந்து, பத்து டெசிபல் பிறழ்ந்தால் இல்லாத குறை இருப்பதாகத் தோன்றும். இருக்கும் குறை மறையும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரு செவிகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவரைக் குறைவாகக் கேட்போர் எனவும், 70 டெசிபல் இழந்தவரைக் கேளாதோர் எனவும் வகுக்கிறது. அரசின் உதவியே இவ்வெண்ணைப் பொறுத்தது என்றால், பிறழ்ந்த அளவை ஓர் ஏழையின் வாயிலை அடைத்துவிடும்.

இனி எழுதுவது நம் குற்றம். 1980களின் தொடக்கத்தில் திருச்செங்கோட்டை அடுத்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நாம் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. ஒரு சிறுவன் உயரமானவன் என்பதால் கடைசி வரிசையில் அமர்த்தினோம். வினவினால் விழிப்பான், சில நாள் தொடர்பில்லாத விடை சொல்வான். அவன் காதில் சீழ் வடிவதையும் கண்டிருந்தோம். அக்காலத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான். ஆசிரியப் பயிற்சியில் மாணவரின் கவனமின்மை பற்றி ஒரு பாடமே படித்திருந்தோம். ஆகவே அவனைக் கவனமில்லாதவன் என்று முடிவு கட்டினோம். ஒருநாள் பொறுமையிழந்து, "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று பழமொழியைச் சொன்னோம். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான், என்ன சொன்னோம் என்பது அவனுக்குக் கேட்டிருக்காது. அரையாண்டுத் தேர்வுக்குப் பின் அவன் வரவில்லை. தறிக்குப் போய்விட்டான் என்றனர். நாம் அவ்வீட்டு வாசலுக்குக்கூடச் செல்லவில்லை.

பிறருடைய அறிவுக்கு இடையூறு செய்வது ஞானாவரணீய வினையைச் சேர்க்கும் என்று அதே சூத்திர நூலின் ஆறாம் அத்தியாயம் சொல்கிறது. கேளாதவரைப் பார்த்து வினைப்பயன் என்று சொல்வது நமக்கு எளிதாக இருக்கிறது. அவரைக் கடைசி வரிசையில் வைத்ததால் நாம் கட்டிக்கொண்ட வினையை எண்ணுவதில்லை. முன்வரிசையில் ஓர் இடம் தந்திருக்கலாம். அதற்குக் கருவியோ காசோ வேண்டியதில்லை. இக்காலத்தில் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே செவியைச் சோதிக்க முடிகிறது. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் மருத்துவக் குழு வந்து பார்க்கிறது. நம் குடும்பத்துப் பெற்றோரும் ஆசிரியரும், குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை என்றால் முதலில் அதன் காதைச் சந்தேகிக்க வேண்டுகிறோம். குணத்தைப் பிறகு சந்தேகிக்கலாம்.

மகாவீர் ஜெயந்தியையொட்டிக் காதொலிக் கருவி வழங்கும் முகாம் நடத்தலாமா என்று நம் சங்கத்தார் சிலர் கேட்டனர். இது ஔடத தானமா, சாத்திர தானமா என்ற விவாதமும் எழுந்தது. அறம் கேட்கச் செய்வதால் சாத்திரம் என்றார் ஒருவர்; சாலையில் லாரியின் ஒலி கேட்டு ஒதுங்கச் செய்வதால் அபயமும் ஆகும் என்றார் மற்றொருவர். விவாதம் சுவையானதே. நமக்கோ வேறொரு கவலை. முகாமில் வாங்கிய கருவி பரணில் கிடப்பதை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். காதுக்கு அச்சு எடுத்திருக்க மாட்டார்கள். பேட்டரி சில வாரங்களில் தீர்ந்திருக்கும். கீச்சிட்டபோது கேட்க ஆளில்லை. நூறு கருவி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, இருபது பேர்க்குக் கொடுத்து, அவர்கள் மூன்று நான்கு முறை திரும்ப வந்து சீர்செய்துகொள்ளும் பேருந்துக் கட்டணத்தையும் ஓராண்டுப் பேட்டரியையும் தொழில்நுட்பரின் ஊதியத்தையும் கொடுப்பது மேல் என்பது நம் கருத்து. சங்கத்தார் இன்னும் முடிவு செய்யவில்லை.

மூத்தாரின் கதைக்கு வருவோம். கருவி மாட்டிய முதல்நாள் மிக்சியும் காக்கையும் மின்விசிறியும் சேர்ந்து அவரைத் துரத்தின. "உலகம் இத்தனை கூச்சலா?" என்று கழற்றி எறிந்துவிட்டார். பல ஆண்டு மௌனத்துக்குப் பழகிய மூளை, எதைக் கேட்பது, எதை விடுவது என்று மீண்டும் கற்க வாரங்கள் ஆகும் என்று அப்பெண் முன்னமே எச்சரித்திருந்தார். நான்கு முறை சேலம் சென்று வந்தோம். ஒவ்வொரு முறையும் அவர் சலிக்காமல் சிறிது கூட்டினார், சிறிது குறைத்தார். முதலில் அமைதியான அறையில் ஒருமணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று பழக்கச் சொன்னார். நாமும் பின்னாலிருந்து கூப்பிடுவதை விட்டோம். எதிரே வந்து அமர்ந்து பேசுகிறோம். இது கருவியைவிடக் கடினமாக இருக்கிறது.

இப்போதும் சந்தைக்கோ திருமணக் கூட்டத்துக்கோ சென்றால் அவர்க்குப் பேச்சு விளங்குவதில்லை. மாலை வாசிப்பின்போது விளங்குகிறது. ஆதிநாதர் துறவு பூண்டு பல மாதம் ஆகாரம் கிடைக்காமல் திரிந்த பகுதியைச் சென்ற மாதம் வாசித்தார். பேத்தி, "பசிக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தாத்தா?" என்றாள். அவர் புத்தகத்தை மூடிவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் திருப்பி, "இன்னொரு தரம் சொல்" என்றார். முதல் முறையே கேட்டிருந்தது என்பதை நாம் அறிவோம்.

வாசிப்பு முடிந்ததும் சாமாயிகத்தில் அமருமுன் கருவியைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இட்ட டப்பாவில் வைத்துவிடுகிறார். "இதுதான் அம்மா அடக்கம். முன்பு இருந்தது வெறும் அடைப்பு" என்கிறார். கழற்றி வைப்பது எப்படி அடக்கமாகும், மாட்டிக்கொண்டே அடுத்த வீட்டுத் தறியோசையில் கலங்காமல் அமர்வதன்றோ அடக்கம் என்று நாம் வாதிடுகிறோம். அவர் ஒப்பவில்லை. அடைப்பு சற்றுத் தளர்ந்து கீச்சிடுவதால் அடுத்த வாரம் மீண்டும் சேலம் செல்ல வேண்டியிருக்கிறது. பேருந்தில் மீதி வாதம் நடைபெறும். இருவர் இருக்கையில் அவருடைய இடப்பக்கம் நாம் அமர வேண்டும், அந்தக் காதுதான் இப்போது தெளிவு.